பத்தமடைப் பாயும் லட்சம் டாலர் அறையும்

ஜெனீவா ஏரிக்கரையில் பிரசிடென்ட் வில்சன் என்றொரு ஹோட்டல் இருக்கிறது. அதன் எட்டாவது மாடி முழுவதும் ஒரே சூட். படுக்கையறைகள் 12, குளியலறைகள் 12, பரப்பு சுமார் 1,680 சதுர மீட்டர். குண்டு துளைக்காத ஜன்னல் கண்ணாடி, ஸ்டெய்ன்வே பியானோ, பில்லியர்ட்ஸ் மேசை எல்லாம் உண்டு. ஓர் இரவுக்கு 80,000 டாலர் வரை வாடகை சொல்கிறார்கள். துபாயில் 2023-இல் திறந்த அட்லாண்டிஸ் தி ராயல் ஹோட்டலில் ராயல் மேன்ஷன் என்ற சூட்டுக்கு ஒரு லட்சம் டாலர். நம் பணத்தில் எண்பது லட்சம் ரூபாய்க்கு மேல், அதுவும் ஒரே இரவுக்கு.

இந்த உலகத்தை எனக்கு அறிமுகப்படுத்தியவர் அத்தான். வளைகுடா நாட்டுப் பெரிய ஹோட்டல் ஒன்றில் பல வருடங்கள் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்துவிட்டு, இப்போது பாளையங்கோட்டையில் வீடு கட்டிக் குடியிருக்கிறார். ஆடிச் சாரலுக்குக் குற்றாலம் போகலாம் என்று கிளம்பினோம். ஆலங்குளம் வழியில் போனால் சீக்கிரம் போய்ச் சேரலாம். அத்தான் அம்பாசமுத்திரம் சாலையைத்தான் பிடித்தார். அந்தச் சாலையில் கார் ஓட்டுவதே ஒரு சுகம். கன்னடியன் கால்வாயில் தண்ணீர் ஓட, கார் பருவ நெல் வயல்கள் இரண்டு பக்கமும் பச்சை கட்டி நின்றன.

வழியெல்லாம் சூட் கதைதான். விருந்தினர் வருவதற்கு முன்பே அவருக்கு எந்தத் தலையணை பிடிக்கும், எந்தப் பூவின் வாசனை ஆகாது என்ற குறிப்பு வந்துவிடுமாம். படுக்கை விரிப்பில் சுருக்கம் இருக்கிறதா என்று கண்ணால் மட்டும் பார்த்தால் போதாது, உள்ளங்கையால் தடவிப் பார்த்தபிறகுதான் கதவைச் சாத்த வேண்டும். ஒரு பெரிய சூட்டை ஒழுங்குசெய்து முடிக்க ஒரு குழுவே வேண்டும். அத்தான் இதையெல்லாம் பெருமையோடுதான் சொன்னார். அது பெருமைப்பட வேண்டிய வேலையும்கூட. நடுவில் அவர் சொன்ன ஒன்று எனக்குள் தங்கிவிட்டது.

“மாப்பிள்ளை, தங்க முலாம் பூசிய குழாயைப் பற்றி யாரும் ஒரு கேள்வி கேட்டது கிடையாது. காலடியில் கிடக்கும் கம்பளத்தைத்தான் தடவிப் பார்த்து, இது எந்த ஊரில் நெய்தது என்று கேட்பார்கள். அப்போதெல்லாம் எனக்குப் பத்தமடைதான் ஞாபகம் வரும்.”

கோரைப்பாய்க்குப் பேர்போன பத்தமடையில் வண்டியை நிறுத்தினோம். அத்தானுக்குப் பழக்கமான வீடு. வயதான அம்மா ஒருவர் தரையோடு தரையாகக் கட்டிய தறியில் உட்கார்ந்திருந்தார். கோரையைப் பச்சையாக அறுத்து, காயவைத்து, ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, மறுபடி காயவைத்து, பிறகு ஒவ்வொரு தண்டையும் கத்தியால் கிழித்து, உள்ளிருக்கும் சோற்றைச் சுரண்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது நூல் அளவு நார். அந்த அம்மா பக்கத்தில் இருந்த ஈரத் துணியில் விரலை ஒற்றி, ஒரு நாரை எடுத்து, குச்சியின் நுனியில் கோத்து, பாவுக்குள், அதாவது நீளவாட்டில் கட்டிய நூல்களுக்குள், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தள்ளினார். தறியின் அச்சை இழுத்து ஒரு தட்டு. அடுத்த நார். நான் பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுவதும் பாய் விரல்கடை அகலம்கூட வளர்ந்திருக்காது. 100 எண், 120 எண், 140 எண் என்று பாயின் நயத்தைச் சொல்கிறார்கள். எண் கூடக் கூடப் பாவு நெருங்கும், வேலை வாரக்கணக்கில் நீளும்.

“கையால் பார்த்தது போதும் தம்பி, செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் வைத்துப் பாருங்கள்” என்றார் அந்த அம்மா.

வைத்தேன். வழவழப்பும் குளிர்ச்சியும் ஒன்றாக ஏறின. அந்த அம்மா அதை எடுத்து, வேட்டியை மடிப்பது போல மடித்துக் காட்டினார். ஒரு நார்கூட முறியவில்லை. 1953-இல் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவுக்கு லண்டன் போனது இந்த ஊர்ப் பாய்தான். அந்தச் சேதியை ஊரில் இன்றும் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் இன்றைக்கு இந்த நயமான பாயை நெய்ய எத்தனை வீட்டில் ஆள் இருக்கிறது என்று கேட்டால் முகம் வாடிவிடுகிறது. பிள்ளைகளுக்கு இந்தக் கூலி கட்டுப்படியாகவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

அங்கிருந்து காருக்குறிச்சியின் மண்பாண்டம், வீரவநல்லூர்த் தறி, கல்லிடைக்குறிச்சி அப்பளம், அம்பாசமுத்திரத்தின் மரச் சொப்புச் சாமான். ஒரே சாலையில் வரிசையாக வருகின்றன. ஒவ்வொன்றிலும் இறங்கினால் பொழுது போய்விடும் என்று விட்டுவிட்டோம்.

கடையம், தென்காசி தாண்டிக் குற்றாலம் போய்ச் சேரும்போது நல்ல சாரல். பணக்காரப் பயணிகள் இந்த ஊருக்குப் புதியவர்கள் அல்ல. திருவிதாங்கூர் அரச குடும்பம் சீசனுக்கு வந்து தங்கிய அரண்மனை இங்கே இருக்கிறது. 1956-இல் செங்கோட்டை தமிழகத்தோடு சேர்ந்த பிறகும் இந்த அரண்மனை கேரள அரசின் கையில்தான் இருந்துவருகிறது. ஆனாலும் அரசர் வந்தார் என்றால் அருவி இருக்கும் இடத்துக்குத்தான் அவரும் வர வேண்டும். நம் காலத்தில் அருவியையே வீட்டுக்குள் கொண்டுவரப் பார்த்தார்கள். ஓடைத் தண்ணீரைத் திருப்பிச் செயற்கை அருவி கட்டிய தனியார் ரிசார்ட்டுகள் மேல் வழக்கு நடந்து, 2022-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அவற்றை மூடும்படி உத்தரவிட்டது. அதைப் படித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது.

மெயின் அருவியில் வரிசையில் நிற்கும்போது அத்தானிடம் இதைத்தான் பேசிக்கொண்டிருந்தேன். கோடீஸ்வரர்கள் நம் பக்கம் வரட்டும், ஓர் இரவுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கட்டும். அந்தப் பணம் கைவேலைக்குப் போகட்டும். தண்ணீரையும் காட்டையும் அவர்களுக்கென்று தனியாக வேலி போட்டுக் கொடுக்கக் கூடாது. ஜோத்பூரின் உமைத் பவனை 1929-இல் கட்டத் தொடங்கியதே பஞ்சத்தில் அடிபட்ட ஜனங்களுக்கு வேலை கொடுக்கத்தான். 1943-இல் முடித்தார்கள். இன்று அதன் ஒரு பகுதி தாஜ் ஹோட்டல். அந்தக் கல்வேலையைப் பார்க்கத்தான் உலகம் பணம் கொடுத்து வருகிறது. பக்கத்தில் செட்டிநாட்டைப் பார்த்தாலும் போதும். கானாடுகாத்தானில் விசாலம் போன்ற பழைய வீடுகளை ஹோட்டலாக்கியபோது ஆத்தங்குடித் தரையும் தேக்குத் தூணும்தான் விருந்தினருக்கு மரியாதை சேர்த்தன.

தாமிரபரணிக் கரையில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளுக்குப் பஞ்சமில்லை. களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்துப் பக்கமே போகாமல், கல்லிடைக்குறிச்சியிலோ சேரன்மகாதேவியிலோ அப்படி ஒரு வீட்டை எடுத்து, தரை முழுக்க 140 எண் பாய் விரித்து, குடிக்கக் காருக்குறிச்சிப் பானைத் தண்ணீர் வைத்து, நெய்தவருக்கு அவர் கேட்ட கூலியைக் கொடுத்து ஒரு சூட் அமைத்தால் என்ன?

அத்தான் உடனே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். பாயைத் தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது, துடைக்கத் தெரிந்த ஆள் வேண்டும், மழைக்காலத்தில் பூசணம் பிடிக்காமல் காற்றோட்டம் வேண்டும், மாற்றுப் பாய் ஒரு ஜோடி எப்போதும் இருப்பில் வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனார். “அந்த அம்மாவின் கை ஓய்வதற்குள் நான்கு பெண்களாவது கற்றுக்கொண்டால்தான் மாப்பிள்ளை இது நடக்கும்” என்றார். அவர் சொன்னது சரி.

போக நினைப்பவர்களுக்கு: திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம், பாபநாசம் பஸ்கள் பத்தமடை வழியாகத்தான் போகின்றன. சாதாரணக் கோரைப்பாய் அங்கேயே கிடைக்கும். பட்டுப் பாய் என்று சொல்லும் நயமான கோரைப்பாயை நெய்பவரிடம் நேரில் சொல்லி வையுங்கள், பேரம் பேசாதீர்கள். கல்யாணப் பாய் என்றால் முகூர்த்தத் தேதி குறித்ததுமே சொல்லிவிடுவது நல்லது. மணமக்கள் பெயரைத் தாளில் தெளிவாக எழுதிக் கொடுங்கள். நெய்த பிறகு எழுத்தைத் திருத்த வழியில்லை.