உப்பளத்து நுண்ணுயிரும் அப்பாவின் கேள்வியும்

என் அக்கா மகள் பிஎச்.டி. சேர்ந்திருக்கிறாள். தூத்துக்குடிப் பக்கம் உப்பளப் பாத்தியில் தண்ணீர் சுண்டச் சுண்ட இளஞ்சிவப்பாக மாறும் இல்லையா, அந்த நிறத்துக்குக் காரணமான நுண்ணுயிர்களைப் பற்றித்தான் ஆய்வு. போன வாரம் வீட்டுக்கு வந்தவளிடம் அப்பா கேட்டார், "அதெல்லாம் சரிம்மா, இதனால யாருக்கு என்ன லாபம்?" அவள் யோசிக்கவே இல்லை. "தெரியல தாத்தா. அவ்வளவு உப்புல அது எப்படி உயிரோட இருக்குன்னு தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்." அப்பாவுக்கு அந்தப் பதில் போதவில்லை. எனக்குப் போதும். ஏன் என்று அன்றைக்குச் சொல்ல வரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

தாமஸ் பிராக் என்று ஒரு அமெரிக்க நுண்ணுயிரியலாளர். 1960களில் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் வெந்நீர் ஊற்றுகளைப் பார்க்கப் போனவர், அங்கேயே சிக்கிக்கொண்டார். ஊற்றிலிருந்து வழிந்தோடும் நீர் ஆற ஆற, ஓடையின் படுகையில் படிந்திருக்கும் நிறமும் மஞ்சள், ஆரஞ்சு, பச்சை என்று மாறிக்கொண்டே போகும். கொதிக்கிற சூட்டை நெருங்கிய நீரில்கூட இளஞ்சிவப்பு இழைகள் அசைந்துகொண்டிருந்தன. இந்தச் சூட்டில் எப்படி ஒரு உயிர் பிழைக்கிறது? அவருக்கு இருந்தது இந்த ஒரு கேள்விதான், எந்த நோயைத் தீர்க்கவும் அவர் அங்கே போகவில்லை. 1966இல் மஷ்ரூம் ஸ்பிரிங் என்ற ஊற்றில், அவரும் ஹட்சன் ஃப்ரீஸ் என்ற இளங்கலை மாணவரும் எடுத்த மாதிரியில் 70 டிகிரி செல்சியஸில் செழித்து வளரும் பாக்டீரியா கிடைத்தது. தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்று பெயர் வைத்து 1969இல் கட்டுரை வெளியிட்டார்கள்.

1983இல் கலிபோர்னியாவின் செட்டஸ் என்ற உயிரித் தொழில்நுட்ப நிறுவனத்தில் இருந்த கேரி முல்லிஸுக்கு, துளி டிஎன்ஏவையும் பல மடங்கு நகலெடுக்கும் பிசிஆர் முறையின் யோசனை தோன்றியது. டிஎன்ஏவைப் பெருக்க, ஒவ்வொரு சுற்றிலும் சுமார் 95 டிகிரிக்குச் சூடாக்கி அதன் இரண்டு இழைகளையும் பிரிக்க வேண்டும். நகலெடுக்கும் வேலையைச் செய்வது ஒரு நொதி. அந்தச் சூட்டில் அப்போது பயன்படுத்திய நொதி வீணாகிவிடும், அதனால் 30 சுற்று என்றால் 30 தடவை குழாயைத் திறந்து புதிதாகச் சேர்த்தாக வேண்டும். வெந்நீர் ஊற்றுப் பாக்டீரியாவின் நொதியோ அதைத் தாங்கி நின்றது. முதலில் ஒருமுறை சேர்த்தால் போதும். 2020இல் நம் மூக்குக்குள் குச்சியை விட்டு எடுத்துப் போனார்களே, கண்ணில் நீர் முட்ட நின்றோமே, அந்தக் கொரோனா சோதனைக்கு அடித்தளம் இதுதான்.

ஆர்வத்தோடு ஆராய்ந்தால் பலன் தானாக வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. வராமலே போன ஆய்வுகள்தான் நிறைய. எனக்கு இதில் பெரிதாகப் படுவது வேறு ஒன்று. பிராக் அந்தப் பாக்டீரியாவைத் தன் பீரோவில் பூட்டி வைக்கவில்லை. யார் கேட்டாலும் கிடைக்கும்படி நுண்ணுயிர்களைப் பராமரிக்கும் பொதுச் சேகரிப்பு மையத்தில் கொடுத்து வைத்தார். பின்னால் வந்தவர்களுக்கு அது அங்கிருந்துதான் போனது. 1991இல் பிசிஆர் உரிமையை ரோச் மருந்து நிறுவனம் 30 கோடி டாலருக்கு வாங்கியது, 1993இல் முல்லிஸுக்கு நோபல் கிடைத்தது, பிராக்குக்கு அந்தப் பணத்தில் ஒரு காசு வரவில்லை.

அப்பாவின் கேள்வியில் தப்பில்லை, யாரிடம் கேட்டார் என்பதுதான் தப்பு. 2020 மார்ச்சில் தனியார் சோதனைக்கூடங்கள் கொரோனா சோதனைக்கு 4,500 ரூபாய் வரை வாங்கலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் உச்சவரம்பு வைத்தது. நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு 18,000 ரூபாய், அதுவும் ஊரடங்கில், வேலை இல்லாத மாதத்தில். அந்த அறிவியல் யாருக்குப் போய்ச் சேரும், யாருக்குச் சேராது என்பதை ஊற்றங்கரையில் மண்டியிட்டுத் தண்ணீர் மொண்டவரா தீர்மானித்தார்? விலை வைப்பவர்களிடமும், காப்புரிமை எழுதுபவர்களிடமும், எந்த ஆய்வுக்கு எவ்வளவு பணம் என்று பிரிப்பவர்களிடமும் சத்தமாகக் கேட்க வேண்டிய கேள்வி அது. நாம் அதை 24 வயதுப் பெண்ணிடம் சாப்பாட்டு நேரத்தில் கேட்கிறோம்.

கிளம்பும்போது அவளிடம் நான் ஒன்று கேட்டேன், பிரித்தெடுத்த நுண்ணுயிர்களை என்ன செய்யப் போகிறாய் என்று. சண்டிகரில் உள்ள நுண்ணுயிர்ச் சேகரிப்பு மையத்துக்கு அனுப்புவோம், யாருக்கு வேண்டுமானாலும் அங்கே கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றாள். அப்பா பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த முறை வரும்போது அந்த இளஞ்சிவப்புத் தண்ணீரில் ஒரு பாட்டில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.