தோளில் ஸ்டீராய்டு ஊசியா? மருந்தின் பெயரை எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்

அம்மாவுக்கு ஃப்ரோசன் ஷோல்டர், அதாவது தோள்மூட்டு இறுகி வலிப்பது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும். தலை வாரக் கையைத் தூக்க முடியாது, ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது. எலும்பு டாக்டர் தோள்மூட்டில் ஸ்டீராய்டு ஊசி போட்டார். சில நிமிட வேலை, அதில் ஒரு குறையும் இல்லை.

வினை அப்புறம்தான் தொடங்கியது. சர்க்கரை இருக்கிறதா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. நாங்களே சொன்னோம். "மூட்டுக்குள்ளதானே போடுறோம், ஒண்ணும் ஆகாது" என்று நர்ஸ் முடித்துவிட்டார். மறுநாள் காலை வெறும் வயிற்றில் 310! வழக்கமாக 130ஐத் தாண்டாது. மூட்டில் போட்டாலும் மருந்து கொஞ்சம் ரத்தத்தில் கலக்கும். சர்க்கரை சில நாள், சிலருக்கு ஒரு வாரம் வரைகூட ஏறி நிற்கும். முன்பே இதைச் சொல்லியிருந்தால் வீடே பதறியிருக்காது.

சர்க்கரை டாக்டரிடம் ஓடினோம். "என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம்?" என்றார். சீட்டிலோ 'தோளில் ஊசி' என்பதற்கு மேல் ஒரு எழுத்து இல்லை. திரும்ப அந்த ஆஸ்பத்திரிக்குப் போனால், "ஊசிக்கெல்லாம் தனியா எழுதித் தர மாட்டோம், டாக்டர் வந்தா கேட்டுக்கோங்க" என்று வரவேற்பில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார். அம்மாவை வெயிலில் அழைத்துப் போனதுதான் மிச்சம். இப்போது நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது.

கடைசியில் கை கொடுத்தது மருந்துக்கடை பில். ட்ரையாம்சினோலோன் (அதுதான் அந்த ஸ்டீராய்டு) 40 மி.கி. என்று தெளிவாக இருந்தது. அந்த பில்லை வைத்துத்தான் சர்க்கரை டாக்டர் சில நாளுக்கு மட்டும் இன்சுலின் அளவை மாற்றினார். நீங்களாக மாத்திரையையோ இன்சுலினையோ கூட்டிவிடாதீர்கள். கூட்டிய அளவு அப்படியே இருந்தால், ஸ்டீராய்டின் வேகம் குறைந்ததும் சர்க்கரை அளவுக்கு மேல் தாழ்ந்துபோகும்.

ஊசி போட்ட அன்று ராத்திரி வலி முன்னைவிட அதிகமானது. ஐஸ் ஒத்தடத்தில் இரண்டு நாளில் அடங்கியது. இப்படி வருவது உண்டாம். ஆனால் காய்ச்சல், மூட்டில் சிவப்பு, சூடு, நாளுக்கு நாள் கூடும் வலி என்றால் காத்திருக்கக் கூடாது. மூட்டுக்குள் கிருமித் தொற்று அபூர்வம்தான், வந்தால் ஆபத்து. உடம்பில் வேறு எங்காவது தொற்று இருந்தாலும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாலும் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஊசி போட்ட இடத்தில் தோல் வெளுப்பதும் குழி விழுவதும் சில வாரம் கழித்துத் தெரியலாம். நம் நிறத்துக்கு அது பளிச்சென்று தெரியும்.

தேதி, மருந்து, அளவு, எந்தத் தோள் என்று எல்லாவற்றையும் அம்மாவின் சர்க்கரை நோட்டிலேயே எழுதிவைத்தேன். அதற்குப் பலன் சீக்கிரமே கிடைத்தது. வலி மிச்சம் இருக்கிறதே என்று வேறொரு கிளினிக்கில் காட்டியபோது, உடனே இன்னொரு ஊசி போடலாம் என்றார்கள். நோட்டை நீட்டினேன். ஒரே மூட்டில் குறைந்தது மூன்று மாத இடைவெளி வேண்டும், அடிக்கடி போட்டால் தசைநாரும் குருத்தெலும்பும் பலவீனமாகும் என்று அவர்களே சொல்லி, பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுத்தார்கள்.