பிரிக்காத கவர்கள்: லைப்சிக்கில் ஒரு வருடம்

அந்தத் தம்பியின் சமையலறை இழுப்பறையை நான் திறந்தது கரண்டி தேடித்தான். உள்ளே கரண்டி இல்லை, கவர்கள் இருந்தன. வெள்ளைக் கவர்கள் ஒரு பத்துப் பன்னிரண்டு, நடுவில் மூன்று மஞ்சள் கவர்கள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவன் அடுப்புக்கு முன்னால் நின்று, இன்னும் கொதிக்காத தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு வயது 18. தனி ஃபிளாட்டுக்குக் குடிவந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

இது 2022 அக்டோபர் கடைசியில் நடந்தது. ஊர், ஜெர்மனியின் கிழக்கே சாக்சனி மாநிலத்தில் உள்ள லைப்சிக். நான் அங்கே போய்ச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

எப்படிப் போனேன் என்று பலரும் கேட்கிறார்கள், அதைச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் 2011 வரை ஆண்களுக்குக் கட்டாய ராணுவ சேவை இருந்தது. துப்பாக்கி தூக்க மனமில்லாதவர்கள் அதற்குப் பதிலாக மருத்துவமனையிலோ முதியோர் இல்லத்திலோ வேலை பார்க்கலாம். கட்டாய சேவையை நிறுத்தியதும் இந்தப் பிள்ளைகள் வருவதும் நின்றது. அந்த இடத்தை நிரப்ப அதே ஆண்டு ஜூலையில் ஒரு தன்னார்வத் திட்டம் தொடங்கினார்கள். அதில் சேருகிறவர்களை எல்லோரும் செல்லமாக ‘புஃப்டி’ என்பார்கள். வெளிநாட்டவரும் சேரலாம். சம்பளம் கிடையாது, கைச்செலவுக்கு அப்போது மாதம் 400 யூரோவை ஒட்டி ஒரு தொகை கிடைத்தது. மருத்துவக் காப்பீடு உண்டு. எனக்குத் தங்க அறையும் கொடுத்தார்கள். 27 வயதுக்குள் இருந்தால் வருடத்தில் 25 நாள் கருத்தரங்குக்குப் போயே ஆக வேண்டும். எனக்கு அப்போது 24. திண்டுக்கல்லில் எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப் பணியில் முதுகலை, முடித்திருந்தேன், கையில் ‘பி1’ என்னும் நடுத்தர அளவு ஜெர்மன் இருந்தது.

என்னை அனுப்பிய இடம் லைப்சிக்கின் க்ரூனாவ் பகுதி. 1976 முதல், கிழக்கு ஜெர்மனி அரசு கான்கிரீட் பலகைகளை அடுக்கி அடுக்கிக் கட்டிய பெரிய குடியிருப்புப் பகுதி. ஒரு காலத்தில் 85,000 பேர் வரை வாழ்ந்த இடம், இப்போது அதில் பாதிதான். ட்ராமில் போனால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஜன்னல்கள் வந்துகொண்டே இருக்கும். பார்க்க அழகான இடம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மரங்கள் நிறைய, மேற்கு ஓரத்தில் ஒரு நல்ல ஏரி. நிலக்கரி வெட்டிய பள்ளத்தில் தண்ணீர் தேங்கி உண்டான குல்க்விட்சர் ஏரி அது. ஜூன் மாதம் மாலை ஒன்பது மணிக்கும் வெயில் இருக்கும்போது எங்கள் பிள்ளைகளோடு அங்கே உட்கார்ந்திருந்த நாட்களை மறக்க முடியாது.

அந்தக் கட்டடங்களில் ஒன்றில் ஏழு சின்ன ஃபிளாட்டுகளை, நான் புஃப்டியாகச் சேர்ந்த அமைப்பு வாடகைக்கு எடுத்திருந்தது. அதே கட்டடத்தின் தரைத்தளத்தில் ஓர் அலுவலக அறை, ஒரு பொதுச் சமையலறை. 17 முதல் 20 வயது வரை ஏழு பேர். ஏதோ ஒரு காரணத்தால் பெற்றோருடன் வாழ முடியாமல் விடுதிகளிலும் வளர்ப்புக் குடும்பங்களிலும் வளர்ந்தவர்கள். இருவர் ஆப்கானிஸ்தானிலிருந்து தனியாக வந்து சேர்ந்தவர்கள். செலவை நகரத்தின் இளையோர் நல அலுவலகம் ஏற்கிறது. அதை ‘யூகெண்ட்ஆம்ட்’ என்பார்கள், அங்கே வளரும் பிள்ளைகள் மூன்று வயதிலேயே அறிந்துகொள்ளும் சொல் அது.

இந்த ஏற்பாட்டுக்கு ‘பெட்ரொய்ட்டஸ் வோனன்’ என்று பெயர். துணையோடு தனியாக வாழ்தல் என்று வைத்துக்கொள்ளலாம். வார்டன் கிடையாது. சாவி பிள்ளையின் கையில்தான். சமூகப் பணியாளர் வாரத்தில் சில மணி நேரம் வந்து பார்ப்பார். இரவில் ஏதாவது ஆனால் போன் எண் ஒன்று உண்டு, எடுக்க ஆள் இருப்பார். சில மாதங்களுக்கு ஒருமுறை, பெரும்பாலும் அரை வருடத்துக்கு ஒருமுறை, எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து அடுத்து என்ன என்று பேசி எழுதிக்கொள்வார்கள். அந்தக் கூட்டத்தில் அந்தப் பிள்ளையும் கையெழுத்துப் போட வேண்டும்.

சட்டப்படி 18 முடிந்த பிறகும் இந்த உதவியைக் கேட்கலாம், பொதுவாக 21 வரை, அவசியம் இருந்தால் அதற்கு மேலும். ஆனால் அதை அரை வருடத்துக்கு அரை வருடம் நியாயப்படுத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஜெர்மனியில் பெற்றோர் வீட்டிலேயே வளர்கிற பிள்ளைகள் வீட்டைவிட்டு வெளியேறும் சராசரி வயது 24-ஐ ஒட்டி இருக்கிறது. அம்மா சமைத்து வைக்கும் பிள்ளைக்கு 24, யாருமே இல்லாத பிள்ளைக்கு 18. இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

நம் ஊரிலும் இதே கதைதான். எம்.எஸ்.டபிள்யூ. களப்பணிக்குப் போன குழந்தைகள் இல்லத்தில், 18 முடிந்த ஒரு பெண் தகரப் பெட்டியோடு வாசலில் ஆட்டோவுக்குக் காத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். 2015 சிறார் நீதிச் சட்டத்தில் 18-க்குப் பிறகு 21 வரை பின்காப்பு, அதாவது இல்லத்தைவிட்டுப் போன பின்னும் உதவி, என்று எழுதியிருக்கிறது. அந்தப் பெண்ணிடம் அதை யாரும் சொல்லியிருக்கவில்லை. எனக்கும் அப்போது அது தெரியாது. ஒருவேளை அவளுக்காகத்தான் நான் க்ரூனாவ் வரை போனேனோ என்னவோ.

சரி, கவர்களுக்கு வருகிறேன். அதற்கு முன்னால் ஜெர்மன் மொழியைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நமக்கு நீ, நீங்கள் போல அவர்களுக்கு ‘டூ’, ‘சீ’. எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் எல்லோருக்கும் ‘டூ’தான். என் பொறுப்பாளர் அம்மாவுக்கு 58 வயது. அவரை ‘டூ’ என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் பெரியம்மாவை நீ என்று கூப்பிட்ட மாதிரி நாக்கு தயங்கியது. பொங்கல் வரை ஆயிற்று பழக. பிள்ளைகளுக்கோ இது தலைகீழ். பிறந்ததிலிருந்து எல்லோரும் அவர்களை ‘டூ’ என்றே கூப்பிட்டிருக்கிறார்கள். 18 ஆனதும் ஒரே நாளில் எல்லா அலுவலகமும் ‘சீ’ என்று எழுத ஆரம்பிக்கிறது.

“இத்தனை நாளா ஏம்ப்பா பிரிக்கலை?” என்று என் அரைகுறை ஜெர்மனில் கேட்டேன். “‘சீ’ன்னு போட்டிருந்துச்சு, எங்கிட்ட யாரும் அப்படிப் பேசினதில்லை” என்றான்.

புஃப்டி தனியாக எந்தப் பொறுப்பையும் எடுக்கக் கூடாது, உதவிக்கு மட்டும்தான். பொறுப்பாளரை அழைத்து வந்தேன். அவர் திட்டவில்லை. முதலில் தண்ணீர் கொதிக்கட்டும் என்றார். மூன்று பேருக்கும் டீ போட்டு, மேசையைத் துடைத்து, ரொட்டியில் வெண்ணெய் தடவும் கத்தியை அவன் கையில் கொடுத்தார். “நீயே பிரி. தேதி எங்கே இருக்குன்னு மட்டும் பாரு. படிக்கிறது அப்புறம்.”

அவன் பிரிக்கப் பிரிக்க, மூன்று குவியல் ஆயின. இன்றே செய்ய வேண்டியது, இந்த மாதம் செய்யலாம், தூக்கிப் போடலாம். தூக்கிப் போட வேண்டிய குவியல்தான் பெரியது. அதைப் பார்த்ததும் அவன் தோள் கொஞ்சம் இறங்கியது. ஒரு கடிதம் நூலகத்திலிருந்து வந்திருந்தது, உறுப்பினர் அட்டையைப் புதுப்பிக்கும்படி. அதற்கும் சேர்த்து ஐந்து மாதம் பயந்திருக்கிறான்.

மஞ்சள் கவர் வேறு ரகம். நீதிமன்றமும் அரசு அலுவலகங்களும் சட்டப்படி சேர்ப்பிக்க வேண்டியதை அதில்தான் அனுப்பும். தபால்காரர் பெட்டியில் போட்ட தேதியை அதன்மேல் பேனாவால் எழுதிவிட்டுப் போவார். நீங்கள் பிரித்தாலும் பிரிக்காவிட்டாலும் கெடு அன்றிலிருந்து ஓடத் தொடங்கும், பல சமயம் இரண்டே வாரம். அவன் ட்ராமில் டிக்கெட் இல்லாமல் இரண்டு முறை பிடிபட்டிருக்கிறான். தலா 60 யூரோ. கட்டாததால் நினைவூட்டல் கட்டணம், வசூல் கட்டணம் என்று ஏறிப்போய்விட்டது. ஜெர்மனியில் டிக்கெட் இல்லாமல் போவது குற்ற வழக்காகவும் மாறலாம். அந்த அபராதத்தையும் கட்ட முடியாமல் சிறைக்குப் போகிறவர்கள்கூட இருக்கிறார்கள். மூன்று மஞ்சள் கவர்களில் இரண்டுக்குக் கெடு போய்விட்டது. ஒன்றுக்கு நான்கு நாள் பாக்கி இருந்தது.

அந்தக் கவரை அனுப்பிய அலுவலகத்துக்கு நானே போன் செய்து பேசிவிடலாம் என்றுதான் நினைத்தேன். பொறுப்பாளர் ஒப்புக்கொள்ளவில்லை. சொல்ல வேண்டிய நான்கு வரியை அவனையே தாளில் எழுதச் சொன்னார். எண்ணை அவன்தான் அழுத்தினான். காத்திருக்கும் இசை ஒரு பதினேழு நிமிடம் ஓடியது. எதிர்முனையில் குரல் கேட்டதும் அவன் என்னைப் பார்த்தான், நான் தாளைக் காட்டினேன். முதல் வரியில் குரல் உடைந்தது, மூன்றாவது வரியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். மாதம் 20 யூரோ தவணை. போனை வைத்துவிட்டு, ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்தான்.

அன்றிலிருந்து வியாழக்கிழமை மாலை கவர் நாள் ஆனது. மற்ற பிள்ளைகளும் கவரைத் தூக்கிக்கொண்டு பொதுச் சமையலறைக்கு வர ஆரம்பித்தார்கள். நான் பருப்பும் சோறும் செய்வேன், ஆப்கன் தம்பிகள் கேரட், திராட்சை போட்ட சோறு செய்வார்கள். பெரிதாக ஒன்றும் பேச மாட்டோம். எனக்குத் தெரியாத சொற்கள் நிறைய இருந்ததால் அவர்களே எனக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. விளக்கும்போது அவர்களுக்கும் புரிந்தது. சாக்சனிக்காரர்கள் ஆமாம் என்பதற்கு ‘நு’ என்பார்கள். இல்லை என்கிறார்கள் என்று நினைத்து முதல் மாதம் முழுக்கத் தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன். அதைத் திருத்தியதும் அந்த மேசைதான்.

மூன்றாவது மாடியில் ஒரு பெண் பேக்கரி வேலை பழகிக்கொண்டிருந்தாள். ஊர் தூங்கும்போது எழுந்து போவாள், மதியம் மாவு வாசனையோடு திரும்புவாள். இப்படி அரசுப் பராமரிப்பில் இருக்கும் பிள்ளைகள் சம்பாதித்தால், அதில் 75 சதவீதம் வரை அலுவலகம் எடுத்துக்கொள்ளும் என்று ஒரு விதி நெடுநாள் இருந்தது. பராமரிப்புச் செலவில் அவர்கள் பங்காம். 2021-இல் அதை 25 சதவீதமாகக் குறைத்தார்கள். 2023 ஜனவரி 1 முதல் முற்றிலும் நீக்கினார்கள். பிள்ளைகளே பல வருடம் குரல் கொடுத்து வாங்கிய மாற்றம் இது. அப்பா அம்மா கவனித்துக்கொள்ளாதது அந்தப் பிள்ளையின் கடனா? அதற்கு அவள் ரொட்டி சுட்டுப் பணம் கட்ட வேண்டுமா?

ஜனவரி சம்பளம் முழுசாக வந்ததும் அவள் ஒரு மெத்தை வாங்கினாள். சுருட்டிப் பிளாஸ்டிக்கில் இறுக்கி வந்திருந்தது. நானும் அவளும் மூன்று மாடி தூக்கினோம். கத்தரியால் பிளாஸ்டிக்கை வெட்டியதும் அது மூச்சு விடுகிற மாதிரி சத்தத்தோடு மெல்ல மெல்ல உப்பியது. அவள் தரையில் உட்கார்ந்து, அது முழுதாக எழும்பும் வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். “இதுல எனக்கு முன்னாடி யாரும் படுத்ததில்லை” என்றாள்.

எல்லாம் இப்படி நல்லபடி முடிந்தது என்று எழுத முடியாது. மார்ச்சில் ஒரு பெண், 19 வயது, உதவி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். காதலனோடு வேறு ஊர். சாவியைக் கவரில் போட்டு அலுவலகப் பெட்டியில் விட்டிருந்தாள். அவள் அறையைச் சுத்தம் செய்தது நான்தான். அலமாரியின் பின்பக்கச் சுவரில் பூஞ்சை. அந்தக் குளிர்காலம் எரிவாயு விலை ஏறியிருந்ததால் ஹீட்டரையும் போடாமல், ஜன்னலையும் திறக்காமல் இருந்திருக்கிறாள். காலையும் மாலையும் ஐந்து நிமிடம் ஜன்னலை விரியத் திறந்து காற்றை மாற்ற வேண்டும் என்று அவளிடம் எத்தனையோ முறை சொன்னோம். அவளுக்குக் குளிர்ந்திருக்கும், அவ்வளவுதான். 2021 சட்டத் திருத்தப்படி, வெளியே போன பிள்ளை தேவைப்பட்டால் திரும்பி வரலாம். அதைப் பொறுப்பாளர் கையால் எழுதி அவள் புது முகவரிக்கு அனுப்பினார். அவரோடு சேர்ந்து நானும் கீழே என் பெயரை எழுதினேன். ‘டூ’ போட்டுத்தான் எழுதினோம்.

மே மாதம் நாடு முழுக்க 49 யூரோ பயணச் சீட்டு வந்தது. கவர்த் தம்பி முதல் வாரமே எடுத்துவிட்டு என்னிடம் காட்டினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேர் 15-ஆம் எண் ட்ராமில் ஊரின் மறுமுனைக்குப் போய், நெப்போலியன் தோற்ற போரின் நினைவாக எழுப்பிய 91 மீட்டர் கோபுரத்தில் ஏறினோம். மேலே நின்று க்ரூனாவ் எந்தப் பக்கம் என்று அவன்தான் எல்லோருக்கும் காட்டினான்.

ஆகஸ்டில் அவனுக்குச் சொந்த வாடகை வீடு கிடைத்தது, பக்கத்துப் பகுதியில், ஓர் அறை. முன்பணத்துக்கு அலுவலகம் உதவியது. சாவி வாங்கும் நாளில் வரச் சொல்லிக் கேட்டான், போனேன். வீட்டுக்காரர் தரப்பு ஆளோடு சுவரில் உள்ள கீறல், மின் மீட்டரின் எண், ஜன்னல் தாழ்ப்பாள் எல்லாவற்றையும் அவனே படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டான். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த ஆள் அவனிடம் ‘சீ’ போட்டுப் பேசினார், அவனும் ‘சீ’ போட்டே பதில் சொன்னான்.

அங்கெல்லாம் தபால் பெட்டியில் பெயர் இல்லாவிட்டால் கடிதம் வராது. வீட்டில் வைத்தே பெயரை எழுதிக் கொண்டுவந்திருந்தான். கீழே இறங்கி வந்து பெட்டியில் ஒட்டி, கட்டைவிரலால் நான்கு மூலையும் தேய்த்தான். ஒரு வாரம் கழித்துப் போனேன், ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள். பெட்டியில் ஒரு வெள்ளைக் கவர் இருந்தது. வீட்டுக்கு வீடு வசூலிக்கும் வானொலி, தொலைக்காட்சிக் கட்டணக் கடிதம். படிக்கட்டிலேயே நின்று சாவியை நுழைத்துக் கிழித்தான்.

“18 யூரோ 36 சென்ட்” என்று படித்தான். அப்புறம் தாளைத் திருப்பித் தேதியைத் தேடினான்.