தாமஸ் மிட்செல்: கேட்கத் தெரிந்த நடிகர்

ஹிந்தி சீரியல்கள் தமிழுக்கு வரும்போது மாமியார், பக்கத்து வீட்டு அம்மா, ஆஸ்பத்திரி நர்ஸ் போன்ற பாத்திரங்களுக்குக் குரல் கொடுப்பது என் வேலை. மும்பையில் முலுண்டில் ரயில் ஏறி, காட்கோபரில் மெட்ரோ மாறி, அந்தேரி ஸ்டுடியோவில் மைக் முன்னால் நின்றால் பாதி நேரம் வசனமே இருக்காது. ஒரு 'ம்', ஒரு பெருமூச்சு, தொண்டையிலேயே நின்றுவிடும் அழுகை. எங்கள் தொழிலில் இதையெல்லாம் ரியாக்‌ஷன் என்போம். கதாநாயகி பேசுவாள், நாம் கேட்போம். நாம் ஒழுங்காகக் கேட்கவில்லை என்றால் அவள் பேசியதும் எடுபடாது. 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் கதை சொல்லச் சொல்ல டி.எஸ். பாலையா கேட்கிறாரே, அதுதான் எனக்கு நடிப்பு. அமெரிக்கப் படங்களில் அந்த இடத்தில் நான் வைத்திருப்பவர் தாமஸ் மிட்செல்.

1892-இல் நியூ ஜெர்சி மாநிலத்து எலிசபெத் நகரில் பிறந்தவர். கொஞ்ச காலம் பத்திரிகை நிருபர், அப்புறம் மேடை. நடித்ததோடு நிற்காமல் நாடகமும் எழுதினார். சினிமாவில் காலூன்றியபோது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. 1939-இல் மட்டும் அவர் நடித்து வந்த ஐந்து படங்களைப் பாருங்கள்: 'ஸ்டேஜ்கோச்', 'ஒன்லி ஏஞ்சல்ஸ் ஹேவ் விங்ஸ்', 'மிஸ்டர் ஸ்மித் கோஸ் டு வாஷிங்டன்', 'த ஹன்ச்பேக் ஆஃப் நாத்ரதாம்', 'கான் வித் த விண்ட்'. கடைசிப் படத்தில் கதாநாயகி ஸ்கார்லெட்டின் அப்பா அவர்தான். ஐந்தில் ஒன்றில்கூட அவர் கதாநாயகன் இல்லை.

'ஸ்டேஜ்கோச்' அவருக்கு ஆஸ்கர் வாங்கிக் கொடுத்தது. குடிகார டாக்டர் பூன் வேடம். குடிகாரன் வேடம்தானே, எப்போதும் அதையேதான் செய்தார் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. டாக்டர் பூன் ஊரைவிட்டுத் துரத்தப்படும்போதுகூட ராஜசபையில் நிற்பவர்போல் வாக்கியத்தை நீட்டி முழக்குகிறார். கூட வரும் விஸ்கி வியாபாரியின் பையை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொள்கிறார். பிறகு வழியில் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் பார்க்க வேண்டி வருகிறது. கறுப்புக் காபியை மேலும் மேலும் குடித்துப் போதையை இறக்கிக்கொள்ளும்போது அந்த அலங்காரப் பேச்சு முழுதும் உதிர்ந்துவிடுகிறது. குரலே வேறு.

'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' (1946) படத்தின் பில்லி மாமாவும் குடிப்பவர்தான். ஆனால் அவருடையது மறதியும் பயமும் கலந்த குரல். எதையும் மறக்காமலிருக்க விரலில் நூல் கட்டிக்கொள்பவர், 8,000 டாலரைச் செய்தித்தாளில் சுருட்டி எதிரியின் கையிலேயே கொடுத்துவிடுகிறார், தெரியாமல். பணம் எங்கே என்று கதாநாயகன் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கும் காட்சியை நான் பலமுறை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். எல்லாரும் ஸ்டூவர்ட்டின் கோபத்தைப் பேசுவார்கள். அந்தக் கோபம் நம்மைப் பயமுறுத்துவதற்குக் காரணம் மிட்செலின் வாய். பதில் சொல்லத் திறக்கிறது, பதில் இல்லை, திறந்தபடியே நிற்கிறது. ஸ்டூவர்ட் போன பின் மேஜைமேல் தலை சாய்த்து அழுகிறார். ஓர் அணில் அவர் கைமேல் ஏறுகிறது. அந்த அழுகையைத் தமிழில் யாராவது என்னைச் செய்யச் சொன்னால் ஒரு வாரம் பயிற்சி கேட்பேன்.

இதே அன்பான குரலை 'ஹை நூன்' (1952) படத்தில் துரோகத்துக்கு வைத்துக்கொள்கிறார். பழிவாங்க வரும் ரவுடிகளை எதிர்க்க ஆள் கேட்டுத் தேவாலயத்துக்கு வருகிறார் ஊர்க்காவல் மார்ஷல் கேரி கூப்பர். கூடியிருக்கும் ஊராரிடம் மேயராக எழுந்து மிட்செல் அவரை வாயாரப் புகழ்கிறார். உதவி கிடைத்துவிட்டது என்றே நமக்குத் தோன்றும். குரலை ஓர் இழைகூட மாற்றாமல், நீ ஊரைவிட்டுப் போய்விடுவதுதான் நல்லது என்று முடிக்கிறார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

தொலைக்காட்சியையும் அவர் சின்ன இடமாக நினைக்கவில்லை. 1953-இல் தொலைக்காட்சி நடிப்புக்கான எம்மி விருது, அதே வருடம் 'ஹேசல் ஃபிளாக்' என்ற இசை நாடகத்துக்கு மேடை நடிப்புக்கான டோனி விருது. ஆஸ்கர், எம்மி, டோனி மூன்றையும் வாங்கிய முதல் ஆண் நடிகர் அவர்.

டி.வி.யில் பீட்டர் ஃபால்க் நடித்த 'கொலம்போ' துப்பறியும் தொடரைப் பார்த்தவர்களுக்கு இன்னொன்று. 1962-இல் 'பிரிஸ்கிரிப்ஷன்: மர்டர்' என்ற நாடகம் அமெரிக்காவில் ஊர் ஊராகப் போனது. அதில் துப்பறியும் கொலம்போவாக நடித்தவர் மிட்செல். அதுதான் அவருடைய கடைசி வேடம். அந்த டிசம்பர் 17-இல், எழுபதாவது வயதில் புற்றுநோயால் இறந்தார். ஃபால்க் கொலம்போவின் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டது 1968-இல்தான். அடுத்தவன் உளறும்வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டே இருக்கும் அந்தப் பாத்திரத்துக்கு மிட்செலைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு நல்ல காது இருந்திருக்கிறது.

புதிதாகப் பார்க்க நினைப்பவர்கள் 'ஸ்டேஜ்கோச்'சில் ஆரம்பிக்கலாம், 96 நிமிடம்தான். ஆனால் எங்கள் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது 'ஒன்லி ஏஞ்சல்ஸ் ஹேவ் விங்ஸ்'. பார்வை மங்கிக்கொண்டுவரும் விமானி கிட் சாகும் காட்சி. இது எனக்குப் புது அனுபவம், சரியாகச் செய்யாவிட்டால் யாரும் பார்க்க வேண்டாம் என்கிற மாதிரி சொல்லி, நண்பனான கேரி கிராண்டை வெளியே போகச் சொல்கிறார். முதல் தடவை படத்தோடு பாருங்கள். அடுத்த தடவை கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் அவர் எங்கே மூச்சு எடுக்கிறார் என்று மட்டும் கேளுங்கள்.