லாட் எண்ணைப் பிடித்துக்கொண்டு: ஒரு லாயலிஸ்ட் சிப்பாயின் வம்சத் தேடல்

ஜனவரி 6, 2025, திங்கள்

தேட எடுத்துக்கொண்டது ஒரு லாயலிஸ்ட்டின் வம்ச வழி. லாயலிஸ்ட் என்றால் அமெரிக்கப் புரட்சிப் போரில் பிரிட்டிஷ் அரசர் பக்கம் நின்றவர். இவர் சர் ஜான் ஜான்சன் திரட்டிய கிங்ஸ் ராயல் ரெஜிமென்ட் ஆஃப் நியூயார்க்கில் சாதாரண சிப்பாய். 1784இல் செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையில் காடு வெட்டிக் குடியானவர் ஆனவர். சந்ததியார் இன்றும் கனடாவின் ஒன்டாரியோவில் இருப்பதால் பெயர் இங்கே வராது. பெயர் இல்லாமலும் வழி விளங்கும். இந்தத் தேடலில் பெயரைவிட நிலம்தான் அதிகம் கைகொடுக்கிறது.

1776இல் தொடங்கிக் கீழே இறங்கக் கூடாது. இன்றிலிருந்து ஒவ்வொரு தலைமுறையாக மேலே ஏற வேண்டும். ஒவ்வொருவருக்கும் இரண்டு சான்று வேண்டும்: அவர் யார் என்பதற்கு ஒன்று, இன்னாரின் பிள்ளை என்பதற்கு ஒன்று. பெரும்பாலும் இரண்டாவதுதான் கிடைக்காமல் போகிறது. அதில்லாமல் மேலே ஏறினால் வேறொருவர் வம்சத்துக்குள் நுழைந்துவிடுவோம். வீட்டில் சொல்லிவரும் கதையைத் தனித்தாளில் எழுதி வைத்துக்கொண்டால் போதும். பல வீடுகளில் 'படைக் கேப்டன்' என்று சொல்லப்படுபவர் போரில் சிப்பாயாக இருந்து, பின்னாளில் உள்ளூர்க் குடிப்படையான மிலிஷியாவில் கேப்டன் ஆனவராக இருப்பார்.

ஒன்டாரியோவில் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவு 1869 ஜூலை 1இல்தான் தொடங்கியது. அதுவரை வேலை சுலபம். அதற்கு முந்தைய கணக்கெடுப்புகளில் 1851க்கானது உண்மையில் 1852 ஜனவரியில் எடுக்கப்பட்டது. கேட்ட வயதும் 'அடுத்த பிறந்தநாளில் எத்தனை' என்பது. இரண்டையும் கவனிக்காமல் 1851இலிருந்து வயதைக் கழித்தால் பிறந்த ஆண்டு ஒன்றோ இரண்டோ தள்ளிப்போகும்.

ஜனவரி 9, வியாழன்

1784 முதல் 1850 வரை உள்ள பள்ளத்தைத் தாண்ட வைப்பது மேல் கனடா (இன்றைய ஒன்டாரியோ) நில மனுக்கள். இவற்றின் அருமை தெரியாமல் பலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள்.

1789 நவம்பர் 9இல் ஆளுநர் டார்செஸ்டர் பிரபு கியூபெக்கில் ஓர் ஆணை பிறப்பித்தார். 1783 உடன்படிக்கைக்கு முன்பே அரசரின் கொடியின் கீழ் சேர்ந்தவர்களுக்கு ஒரு மரியாதைக் குறி தரப்பட்டது. பெயருக்குப் பின்னால் வரும் 'யு.இ.' (யுனைட்டட் எம்பயர், ஒன்றுபட்ட பேரரசு) அதிலிருந்து வந்ததுதான். அவர்களுடைய மகன்களுக்கு 21 வயது நிரம்பியதும், மகள்களுக்கு 21 நிரம்பியதும் அல்லது திருமணம் ஆனதும், ஆளுக்கு 200 ஏக்கர் இலவசம். அதைப் பெற ஒவ்வொரு பிள்ளையும் மனுப்போட வேண்டும். தகப்பன் யார் என்று நிரூபிக்கவும் வேண்டும். நமக்குக் கிடைக்காமல் திண்டாடும் அந்த இரண்டாவது சான்றை அரசாங்கமே கேட்டு வாங்கிக் கோப்பில் வைத்திருக்கிறது.

மகள்களின் மனுக்களை முதலில் தேட வேண்டும். 'இன்ன டவுன்ஷிப்பில் வாழும் இன்னாரின் மனைவி, இன்ன டவுன்ஷிப்பைச் சேர்ந்த யு.இ. இன்னாரின் மகள்' என்று ஒரே வரியில் பிறந்த வீடும் புகுந்த வீடும் வந்துவிடும். டவுன்ஷிப் என்பது அளந்து பிரித்த நில வட்டாரம். ஞானஸ்நானப் பதிவு எரிந்துபோன ஊர்களில் இதற்கு ஈடான தாள் வேறில்லை. நம் ஆள் மகன் வழியில் வந்தவராக இருந்தாலும் அத்தைமார் மனுக்கள் அத்தனையையும் எடுத்துப் பார்க்க வேண்டும். ஒருவர் மனுவில் இல்லாத தகப்பனின் ரெஜிமென்ட் இன்னொருவர் மனுவில் இருக்கும்.

மகன் மனுவின் தேதியிலிருந்து 21ஐக் கழித்தால், அந்த ஆண்டோ அதற்கு முன்னோ பிறந்தவர் என்று வைக்கலாம். மகளுக்கு அப்படி வைக்க முடியாது. 17 வயதில் திருமணமாகி மனுப்போட்டிருக்கலாம். 1812 போருக்குப் பிந்தைய மனுக்களில், போர்க்காலத்தில் கடமை தவறவில்லை என்ற சான்றும் சேர்ந்திருக்கும். அதையும் படியெடுக்க வேண்டும்.

மனுக்கள் கனடா நூலக ஆவணக் காப்பகத்தில் உள்ளன. படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. தொகுதி எண், கட்டு எண், மனு எண் மூன்றையும் குறித்துக்கொண்டால்தான் திரும்பப் போய் எடுக்க முடியும். முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு நகர்வது பெரிய தவறு. சபையில் படித்த தேதி, 'பரிந்துரைக்கப்பட்டது' அல்லது 'தள்ளுபடி' என்ற முடிவு எல்லாம் மடிப்பின் பின்பக்கத்தில் இருக்கும். சான்றிதழ் அடுத்த படத்தில் தனித்தாளாக வரும். முன்னும் பின்னும் நாலைந்து படங்கள் தள்ளிப் பார்ப்பது நல்லது.

ஜனவரி 10, வெள்ளி

கையெழுத்து. சொல்லின் நடுவில் வரும் நீண்ட 'எஸ்' நம் கண்ணுக்கு 'எஃப்' போலத் தெரியும். 'இன்ஸ்டன்ட்' என்றால் இதே மாதம், 'அல்ட்டிமோ' என்றால் போன மாதம். கடிதத்தின் தேதியோடு சேர்த்துப் படிக்காவிட்டால் ஒரு மாதம் பிசகும். 'ஜூனியர்' என்றால் மகன் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரே ஊரில் அதே பெயரில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார், அவ்வளவுதான். மூத்தவர் இறந்ததும் ஜூனியர் சீனியர் ஆகிவிடுவார்.

ஜனவரி 18, சனி

யு.இ. பட்டியல். அரச நில அலுவலகத்தில் இருந்த பழைய பட்டியல் 1885இல் அச்சானது. பெயர், குடியேறிய இடம், குறிப்பு என்று மூன்றே பத்திகள். குறிப்புப் பத்தியில் ரெஜிமென்ட் சுருக்கமாக இருக்கும். சில பெயர்களுக்கு எதிரே 'நீக்கப்பட்டது', 'நிறுத்திவைக்கப்பட்டது', 'மீண்டும் சேர்க்கப்பட்டது' என்று இருக்கும். நீக்கப்பட்டவர் என்றால் ஏன் என்று தேட வேண்டும். அதன் பின்னால் ஒரு விசாரணையோ விளக்க மனுவோ இருக்க வாய்ப்புண்டு. பட்டியலில் பெயர் இல்லாததால் மட்டும் லாயலிஸ்ட் இல்லை என்றாகிவிடாது.

கிளெங்காரி பக்கம் போனால் பெயர்ப்பட்டியல் ஒரு காடு. ஸ்காட்லாந்து மலைநாட்டார் குடியேறிய அங்கே ஜான் மக்டோனல் என்ற பெயரில் எத்தனையோ பேர். யார் எவர் என்று பிரித்தறிய லாட் எண், அதாவது அவரவர் நிலத்துண்டின் எண், ஒன்றுதான் வழி.

ஜனவரி 26, ஞாயிறு

நிலத்துக்கு வந்தாயிற்று.

அந்த மண் மிசிசாகா, ஹோடெனோஷோனி என்ற பூர்வகுடி மக்களுடையது. 1783 அக்டோபரில் கிராஃபோர்ட் மிசிசாகாக்களோடு பேசி முடித்ததன் மேல்தான் காட்டரக்வி (இன்றைய கிங்ஸ்டன்) பக்கத்துக் குடியேற்றம் நின்றது. அந்தக் கிராஃபோர்டும் இதே ரெஜிமென்ட்டின் கேப்டன்தான். வம்ச வரலாறு எழுதுபவர்கள் இந்த வரியை விட்டுவிடுவது சரியல்ல.

முதல் பட்டாலியன் 1783 டிசம்பர் 24இல் கலைக்கப்பட்டு, அடுத்த கோடையில் கார்ன்வாலைச் சுற்றிய 1 முதல் 5 வரை எண்ணிட்ட டவுன்ஷிப்களில் குடியேறியது: சார்லட்டன்பர்க், கார்ன்வால், ஆஸ்னபுரூக், வில்லியம்ஸ்பர்க், மட்டில்டா. இரண்டாம் பட்டாலியன் 1784இல் கலைந்து, பெரும்பாலும் இன்றைய கிங்ஸ்டனுக்கு மேற்கே போயிற்று. பட்டாலியன் தெரிந்தால் டவுன்ஷிப்பை ஊகிக்கலாம். டவுன்ஷிப் தெரிந்தால் பட்டாலியனை ஊகிக்கலாம். விதிவிலக்குகள் உண்டு என்பதால் இது ஊகமாகவே இருக்கட்டும்.

சிப்பாய்க்கு 100 ஏக்கர், குடும்பத்தில் உள்ள மற்ற ஒவ்வொருவருக்கும் 50. மனைவியும் மூன்று பிள்ளைகளும் என்றால் 300. இந்தக் கணக்கைப் பின்னோக்கியும் போடலாம். 250 ஏக்கருக்கு ஒதுக்கீட்டுச் சீட்டு இருந்தால், அன்றைக்கு அவரோடு மூன்று பேர் இருந்தார்கள். பின்னாளில் கூடுதலாகக் கொடுத்ததை இதோடு சேர்த்துவிட்டால் கணக்கு கெட்டுவிடும்.

ஆற்றோரத்திலிருந்து உள்ளே போகும் வரிசைகளுக்குக் கன்செஷன் என்று பெயர். வரிசைக்குள் லாட் எண். 200 ஏக்கர் லாட்டுக்கு அகலம் 19 சங்கிலி, நீளம் 105 சங்கிலி 27 லிங்க்ஸ் (லிங்க் என்பது சங்கிலியில் நூறில் ஒன்று). நம் ஊர் சர்வேயிலும் ஓடிய அதே 66 அடிச் சங்கிலி. 10 சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். முகப்பு 1254 அடி, உள்ளே ஒன்றேகால் மைலுக்கு மேல் போகும் நீண்ட நாடா. எல்லோருக்கும் ஆற்றுமுகம் வேண்டும் என்பதற்காக அப்படி அறுத்தார்கள். நிலம் பாதியாகப் பிரியும்போது 'கிழக்குப் பாதி', 'மேற்குப் பாதி' என்று வருவதை விடாமல் எழுத வேண்டும். அது விட்டுப்போனால் அண்ணன் யார், தம்பி யார் என்று நமக்குக் குழம்பிவிடும்.

குலுக்கல் சீட்டு எடுத்துத்தான் லாட் ஒதுக்கினார்கள். எடுத்த பிறகு உறவுக்காரர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று சீட்டை மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. ஆகவே முதல் ஒதுக்கீட்டையும், சர்வேயர் பேட்ரிக் மக்னிஃப் 1786இல் வரைந்த குடியேற்ற வரைபடத்தையும் ஒப்பிட வேண்டும்.

அடுத்தது பதிவேட்டுச் சுருக்கம். வில்லங்கச் சான்று பார்த்துப் பழகியவருக்கு இது புதிதே அல்ல. ஒரு லாட்டுக்கு ஒரு பக்கம். பத்திர எண், வகை, தேதி, எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், ஏக்கர். முதல் வரி பொதுவாக அரசுப் பட்டா. இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது: குடியேறியது 1784, பட்டா கிடைத்தது பலருக்கு 1797க்கும் பிறகு. இடையில் சீட்டே கைமாறியிருக்கும். அதற்குப் பத்திரப்பதிவு இல்லை. பட்டாவில் வேறு பெயர் இருந்தால் நம் ஆள் அங்கே வாழவே இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். இந்தச் சிக்கலைத் தீர்க்கவே 1797இல் வாரிசு ஆணையம் அமைந்தது. சீட்டு வாங்கியவர் இறந்திருந்தால் வாரிசு யார், விற்றிருந்தால் யாருக்கு என்று அங்கே பிரமாண வாக்குமூலங்கள் கிடக்கின்றன.

உயில் இல்லாமல் இறந்தவரின் நிலம் 1852 வரை சட்டப்படி மூத்த மகனுக்கே. ஒரே மகன் பெயருக்கு முழு நிலமும் போயிருப்பதை வைத்து மற்ற பிள்ளைகள் இல்லை என்று எழுதிவிடக் கூடாது. கிரையப் பத்திரத்தின் கடைசியில் மனைவி தன் விதவைப் பங்குரிமையை விட்டுக்கொடுத்துக் கையொப்பமிடும் வரி இருக்கும். பல பெண்களின் பெயர் வாழ்நாளில் பதிவானது அந்த ஒரு வரியில்தான். சுருக்கத்தோடு நின்றுவிடாமல் முழுப் பத்திரத்தையும் எடுத்துப் பார்ப்பது இதற்காகவே.

பிள்ளைகளுக்குக் கிடைத்த 200 ஏக்கர் எங்கோ தொலைவில் இருக்கும். பலர் அதைப் பார்க்காமலேயே விற்றார்கள். அந்த டவுன்ஷிப்பில் கல்லறை தேடி அலைய வேண்டாம்.

பிப்ரவரி 3, திங்கள்

ஆஸ்னபுரூக், கார்ன்வால் டவுன்ஷிப்களின் முகப்பு லாட்டுகளைப் பற்றித் தனியாக ஒன்று. அவற்றில் பெரும்பகுதி இன்று தண்ணீருக்குள் இருக்கிறது. செயின்ட் லாரன்ஸ் கடல்வழித் திட்டத்துக்காக 1958 ஜூலை 1இல் ஆற்றைத் திறந்துவிட்டார்கள். ஆல்ட்ஸ்வில், ஃபாரன்ஸ் பாயின்ட், டிக்கின்சன்ஸ் லேண்டிங், வேல்ஸ், மூலினெட், மில் ரோச் எல்லாம் மூழ்கின. 1784இல் முதல் மரம் விழுந்த இடங்கள் அவை. பல கல்லறைக் கற்களை எடுத்து வந்து, மாரிஸ்பர்க் அருகே மேல் கனடா கிராமத்தை ஒட்டிய முன்னோர் நினைவிடத்தில் சுவர்களாகப் பதித்தார்கள். கல் இருக்கும் இடத்தில் உடல் இருப்பதாக எழுதக் கூடாது. 1958க்கு முந்தைய கல்லறைப் படியெடுப்புகளைத் தேடி எடுப்பது அவசியம். எந்தக் கல் எதற்குப் பக்கத்தில் நின்றது என்பது இப்போது அவற்றில்தான் இருக்கிறது.

பிப்ரவரி 12, புதன்

படை ஆவணங்கள். மஸ்டர் ரோல்களும் (படைவீரர் பெயர்ப்பட்டியல்கள்) ரேஷன் பட்டியல்களும் அன்றைய கியூபெக் ஆளுநர் ஹால்டிமாண்டின் தாள்களில் உள்ளன. மூலம் பிரிட்டிஷ் நூலகத்தில், நகல் ஒட்டாவாவில். மஸ்டர் ரோல் ஆளைச் சொல்லும், ரேஷன் பட்டியல் குடும்பத்தைச் சொல்லும். மனைவி பெயர் பெரும்பாலும் இருக்காது. பெண் எத்தனை, பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை எத்தனை, கீழே எத்தனை என்ற எண்கள்தான். அடுத்தடுத்த பட்டியல்களை வரிசையாக வைத்தால் எந்த இடைவெளியில் பிள்ளை பிறந்தது, எப்போது ஒன்று குறைந்தது என்று தெரியும்.

குடும்பங்கள் போர் முடியும்வரை யாமாசிஷ், சொரெல், லஷீன் போன்ற அகதி முகாம்களில் இருந்தன. அந்த ஆண்டுகளில் பிறந்த குழந்தையின் ஞானஸ்நானத்தை ஒன்டாரியோவில் தேடிக் கிடைக்காமல் சோர்ந்துபோகிறார்கள். கியூபெக் பதிவேடுகளில் தேட வேண்டும்.

சேர்ந்த தேதி முக்கியம். 1776 மே, ஜூன் என்றால் நியூயார்க்கின் ஜான்ஸ்டவுனிலிருந்து ஜான்சனோடு அடிராண்டாக் மலைக்காடு வழியே மான்ட்ரியால் நடந்தவர்களில் ஒருவராக இருக்கலாம். 1780 மே என்றால் ஜான்சன் திரும்பி வந்து தாக்கியபோது கூடக் கிளம்பியவராக இருக்கலாம். அப்படியானால் இடைப்பட்ட நான்கு ஆண்டு நியூயார்க்கின் மொஹாக் பள்ளத்தாக்கில்தான் இருந்திருப்பார். புரட்சிக்காரர்களின் மிலிஷியாப் பட்டியலிலும் அவர் பெயர் தென்படக்கூடும். அதைக் கண்டு பதற வேண்டாம். அங்கே பெயர் கொடுக்காமல் இருக்க முடியாத காலம் அது.

பிப்ரவரி 21, வெள்ளி

போரில் சொத்து இழந்த லாயலிஸ்ட்டுகள் பிரிட்டிஷ் அரசிடம் போட்ட இழப்பீட்டு மனுக்கள். தாமஸ் டண்டாஸ், ஜெரமி பெம்பர்டன் என்ற இரு ஆணையர்கள் 1785 முதல் 1788 வரை ஹாலிஃபாக்ஸ், செயின்ட் ஜான், கியூபெக், மான்ட்ரியால் நகரங்களில் விசாரித்தார்கள். விசாரணைக் குறிப்புகள் ஒன்டாரியோ ஆவணப் பிரிவின் 1904ஆம் ஆண்டு அறிக்கையாக அச்சாயின. மூலத் தாள்கள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், தணிக்கை அலுவலகத் தொகுப்பு 12, 13. அச்சை மட்டும் பார்த்து நிறுத்தக் கூடாது. சொத்துப் பட்டியலும் சாட்சிக் கடிதங்களும் 13இல் இருக்கும்.

மனுதாரர் முதலில் சொல்வது 1783 இலையுதிர்காலத்தில் எங்கே இருந்தார் என்பது. முதல் கெடு 1784 மார்ச் 25இல் முடிந்துவிட்டதால், ஏன் பிந்தியது என்று சொல்ல வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு பிறந்த நாடு, அமெரிக்காவுக்கு வந்த ஆண்டு, குத்தகை ஏக்கர், திருத்திய ஏக்கர், பறிபோன மாடு, குதிரை. நியூயார்க் பறிமுதல் பதிவுகளில் பெயர் இல்லையே என்று குழம்ப வேண்டாம். சிப்பாய்களில் பலர் ஜான்சன் குடும்பத்து நிலத்தில் குத்தகைக்காரர்கள். பறிமுதல் ஆனது நிலக்கிழாரின் பெயரில்.

மார்ச் 2, ஞாயிறு

மொஹாக் பள்ளத்தாக்கு. அன்றைய டிரையன் கவுண்டி, 1784 முதல் மான்ட்கமரி. ஜெர்மானியக் குடும்பம் என்றால் ஸ்டோன் அரேபியா, ஸ்கோஹாரி, கானவாகா தேவாலயப் பதிவேடுகள்.

'யோஹான்' என்று தொடங்கும் பெயரில் அந்த முதற்சொல்லை எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம். அண்ணன் தம்பி எல்லோருக்கும் அது இருக்கும். அழைத்த பெயர் இரண்டாவது. பெண்ணின் குடும்பப் பெயர் 'இன்' விகுதியோடு வரும்: ஷ்னைடர் வீட்டுப் பெண் ஷ்னைடரின். இதை வேறு குடும்பமாக அட்டவணை போட்டவர்கள் உண்டு. ஆங்கிலேய எழுத்தர் காதில் விழுந்ததை எழுதியதால் ஃபுக்ஸ் ஃபாக்ஸ் ஆனது, ஷ்மிட் ஸ்மித் ஆனது. உரக்கச் சொல்லிப் பார்த்தே தேட வேண்டும்.

ஞானஸ்நானப் பதிவில் பெற்றோரோடு ஞானப்பெற்றோர் பெயரும் இருக்கும். பெரும்பாலும் மாமனோ சித்தப்பாவோ பக்கத்துக் குத்தகைக்காரரோ. அந்தப் பெயர்களை எல்லாம் ஒரு தாளில் எழுதி, இடப்பக்கம் மஸ்டர் ரோலில் அதே கம்பெனி, வலப்பக்கம் மக்னிஃப் வரைபடத்தில் நம் லாட்டுக்கு இருபுறமும் ஐந்தைந்து லாட் என்று வைத்துப் பார்க்க வேண்டும். மூன்றிலும் நாலைந்து குடும்பப் பெயர்கள் சேர்ந்து வந்தால் இவர் அவரேதான் என்று தயக்கமின்றி எழுதலாம். ஒன்றோ இரண்டோ மட்டும் வந்தால் பென்சிலால் எழுதி வைத்துவிட்டு, அந்தப் பக்கத்து லாட்டுக்காரர்களின் மகள்கள் போட்ட மனுக்களை எடுக்க வேண்டும்.