நாங்கள் காசிக்குப் போகவில்லை

சேலம் ஜங்ஷனில் விவேக் எக்ஸ்பிரஸ் ஏறியபோது எங்கள் டிக்கெட் ஆர்.ஏ.சி.யில் நின்றிருந்தது. ரயிலில் அதிகம் போகாதவர்களுக்காகச் சொல்கிறேன்: சைட் லோயர் பெர்த் ஒன்று, அதற்கு இரண்டு பேர். பகலில் எதிரும் புதிருமாக ஆளுக்கொரு சீட். ராத்திரி அதையே சாய்த்துப் போட்டால் ஒரே படுக்கை. முன்பின் தெரியாதவரோடு பங்கு போடுவதுதான் கஷ்டம், நமக்கென்ன, வீட்டுக்காரர்தானே என்று தைரியமாக இருந்தேன். தலைமாடு கால்மாடாகப் படுத்தோம். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் அவர் குதிகாலை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தது அன்றைக்குத்தான். இடது காலில் பெரிய வெடிப்பு.

கன்னியாகுமரியிலிருந்து திப்ருகர் வரை சுமார் 4,200 கிலோமீட்டர். நம் நாட்டிலேயே அதிக தூரம் ஓடும் ரயில் இதுதான். நாங்கள் குவாஹாட்டியில் இறங்கிவிடுவோம். அதற்கே இரண்டு ராத்திரி. பெட்டி முழுக்க கேரளாவிலும் திருப்பூரிலும் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பும் அசாம் பையன்கள். ஒருவன் பனியன் கம்பெனித் தமிழில், "அக்கா, அங்க குளுரு ஜாஸ்தி. போர்வ ஒண்ணுதானா?" என்று கேட்டான். ஒன்றுதான். பை கனக்கக்கூடாது என்று இன்னொன்றை நான்தான் வீட்டில் எடுத்து வைத்துவிட்டு வந்திருந்தேன். இந்தப் போர்வையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இவர் பார்த்துக்கொண்டிருந்த வேலை முடிந்து அடுத்தது இன்னும் கிடைக்கவில்லை. நான் தனியார் பள்ளிக்கூட வேலையை விட்டிருந்தேன். சேர்த்து வைத்ததில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். நவம்பர் தொடங்கி பிப்ரவரி வரை, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 1,500 ரூபாய். தங்குவது, சாப்பிடுவது, பஸ், சோப்பு, எல்லாம் அதற்குள். கணக்கு நோட்டு என்னிடம். அதனால் வந்த வினையைப் பிறகு சொல்கிறேன்.

ஷில்லாங் போன இரண்டாம் நாள் அத்தை போன் செய்தார்கள்.

"எங்கம்மா இருக்கீங்க?"

"மேகாலயாவுல, அத்தை. இங்க காசி மக்கள்னு இருக்காங்க, அவங்க வீட்டுலதான் தங்கியிருக்கோம்."

"காசியா? சொல்லவே இல்ல பாரு! நல்லாக் கும்பிட்டுக்கோங்க. வரும்போது ஒரு பாட்டில் தண்ணி மட்டும் புடிச்சுட்டு வந்துருங்க, போதும்."

லைன் போய்விட்டது. மறுபடி கூப்பிட்டு விளக்கலாம் என்றேன். "விடு, சந்தோஷமா இருக்கட்டும்" என்றார் இவர்.

அந்த மலைப் பக்கமெல்லாம் ஷேர் சுமோதான். பஸ்ஸுக்கு நேரம் உண்டு. சுமோவுக்கு ஆள் நிறைந்தால்தான் நேரம். டிரைவர் பக்கத்தில் இரண்டு, நடுவில் நான்கு, பின்னால் நான்கு. ஷில்லாங்கின் பெரிய சந்தையான இயூதூ பக்கத்திலிருந்து சோஹ்ராவுக்குக் கிளம்பியபோது எங்களுக்குக் கிடைத்தது பின்சீட்டு. ஒவ்வொரு வளைவிலும் எனக்கு வயிற்றைப் புரட்டியது. பக்கத்திலிருந்த பாட்டி ஒன்றும் பேசாமல் மடியிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்து உரித்து, தோலை என் மூக்குக்கு நேராகக் கிள்ளினார். சாறு தெறித்த வாசனையில் குமட்டல் அடங்கிவிட்டது. சுளைகளை அவரே சாப்பிட்டார்.

சோஹ்ரா என்பது நாம் பள்ளியில் படித்த சிரபுஞ்சி. 1860 ஆகஸ்ட் முதல் 1861 ஜூலை வரை ஒரே வருஷத்தில் 26,461 மில்லிமீட்டர் மழை பெய்து உலக சாதனை படைத்த ஊர். நான் வகுப்பில் நடத்தியே இருக்கிறேன். அதற்காகக் குடை இரண்டு, மழைக்கோட்டு இரண்டு சுமந்து போனோம். நவம்பர் கடைசியில் ஒரு சொட்டு இல்லை. அதைவிட வேடிக்கை, தெருக்குழாயில் பிளாஸ்டிக் கேன்கள் வரிசை கட்டி நின்றன. கொட்டுகிற மழையெல்லாம் மண்ணில் நிற்காமல் சரிவில் ஓடிவிடுமாம், குளிர்காலத்தில் குடிக்கத் தண்ணீருக்குத் திண்டாட்டம். சேலத்தில் குடத்தோடு நின்று பழகியவள் என்பதால் எனக்கு அந்த வரிசை ரொம்பச் சொந்தமாக இருந்தது. மழைக்கோட்டுகள் நாலு மாதமும் எங்களுக்குத் தலையணை.

அங்கிருந்து நோங்ரியாட். டிர்னா என்ற ஊரிலிருந்து பள்ளத்தாக்கில் இறங்க வேண்டும். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். பாதி வழியில் இவருடைய ஷூ வாயைப் பிளந்தது. தள்ளுவண்டியில் பேரம் பேசி நான் வாங்கிக் கொடுத்த ஷூ. மழைக்கோட்டின் இடுப்பு நாடாவை உருவி அடிப்பாகத்தைச் சுற்றிக் கட்டினோம். பத்துப் படிக்கு ஒருதரம் அவிழும். அந்த வெடித்த குதிகால் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தது. இறங்கி முடித்தபோது தொடை இரண்டும் தானாக ஆடின. நின்றால் ஆடும், உட்கார்ந்தால் எழ முடியாது.

அந்த வேர்ப்பாலத்தைப் பார்த்ததும் கால் வலியைக் கொஞ்ச நேரம் மறந்தேன். ஓடைக் கரையில் நிற்கும் ரப்பர் அத்தி மரத்தின் வேர்களை, இன்னும் இளசாக இருக்கும்போதே மூங்கில் மேலும் பிளந்த கமுகு மரத்தின் மேலும் படரவிட்டு அக்கரைக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே மண்ணில் ஊன்றிப் பருத்து, ஆள் நடக்கிற அளவுக்கு உறுதியாகப் பல வருஷம் ஆகும். தொடங்கியவர் நடந்து பார்ப்பார் என்பது நிச்சயமில்லை. நோங்ரியாட்டில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு. கைப்பிடி வேரைத் தொட்டுப் பார்த்தேன். அத்தனை பேர் கை பட்டு, எங்கள் வீட்டு அம்மிக் குழவி மாதிரி வழவழவென்று இருந்தது.

தங்கிய வீட்டில் தலைக்கு 300 ரூபாய். மரக்கட்டில், மெத்தை என்ற பெயரில் ஏதோ ஒன்று. வீட்டுக்கார அம்மா வந்ததும் வராததுமாக ஒரு தட்டில் வெற்றிலை, சுண்ணாம்பு, பாக்கு நீட்டினார். க்வாய் என்கிறார்கள். விருந்தாளிக்கு முதல் மரியாதை அதுதான். ஒருவர் இறந்துவிட்டால்கூட, "கடவுள் வீட்டில் பாக்கு மென்றுகொண்டிருக்கிறார்" என்பார்களாம். இவருக்கு ஒரே உற்சாகம். "நமக்கா வெத்தல பாக்கு புதுசு?" என்று பெரிய துண்டாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். நம் ஊர்ச் சீவல் வேறு, அந்த ஈரப் பச்சைப் பாக்கு வேறு. இரண்டே நிமிஷத்தில் காது சிவந்தது, நெற்றியெல்லாம் வேர்வை, "தல சுத்துது, புடிச்சுக்கோ" என்று சுவரோடு சாய்ந்துவிட்டார். அந்த அம்மாவின் பேரன் விழுந்து விழுந்து சிரித்தான். பதிலுக்கு அத்தை கொடுத்துவிட்ட பருப்புப்பொடியைச் சோற்றில் போட்டுக் கொடுத்தேன். அம்மா மரியாதைக்கு ஒரு வாய், பேரன் மூன்று வாய். அவர்கள் பன்றிக்கறி போட்டுச் சமைத்த ஜாதோ சோற்றை நாங்கள் எத்தனை தட்டு சாப்பிட்டோம் என்பதை எழுதமாட்டேன். அத்தைக்கு யாராவது படித்துக் காட்டிவிடுவார்கள்.

அடுப்பங்கரையில் உட்கார்ந்து உடைந்த இந்தியில் பேசினோம். அங்கே வம்சம் தாய்வழி. பூர்வீக வீடு கடைசி மகளுக்கு. அவளைக் கட்டுகிறவர் அந்த வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அந்த அம்மா இவரைக் காட்டி என்னிடம் கேட்டார்: "இவர் உங்க வீட்லதானே இருக்கார்?" இல்லை, நான்தான் இவர் வீட்டில் இருக்கிறேன் என்றதும் என்னைப் பாவமாகப் பார்த்தார். நம் ஊரில் வீட்டோட மாப்பிள்ளை என்றால் ஊரே நக்கலடிக்கும். அங்கே அது சாதாரணம். அன்று ராத்திரி முழுக்க இவரை அப்படியே கூப்பிட்டேன்.

காலையில்தான் குண்டு விழுந்தது. கையில் காசு போதவில்லை. போனில் அனுப்பலாம் என்றால் அந்தப் பள்ளத்தில் சிக்னலே இல்லை. இரண்டு பையையும் கொட்டி, சில்லறை பொறுக்கி, 410 ரூபாய் தேறியது. கொடுக்க வேண்டியது, சாப்பாட்டையும் சேர்த்து, அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். அந்த அம்மா அந்த 410-ஐயும் திருப்பிக் கொடுத்துவிட்டார். "மேலே ஏறியதும் சிக்னல் வரும், அனுப்புங்க." அவ்வளவுதான். ஃபோட்டோ எடுத்து வைக்கவில்லை, அடையாள அட்டை கேட்கவில்லை. நாடா கட்டிய ஷூவோடு அத்தனை படியும் ஏறி, டிர்னாவில் ஒரு கல்லில் உட்கார்ந்து பணத்தை அனுப்பிவிட்டுத்தான் தண்ணீர் குடித்தோம்.

அப்புறம் அசாம். இதில் தப்பு முழுக்க என்னுடையது.

பிரம்மபுத்ராவின் நடுவில் இருக்கும் மாஜுலித் தீவுக்கு ஜோர்ஹாட் பக்கத்து நிமாட்டி படித்துறையிலிருந்து படகு. ஆட்டோவில் போகலாம் என்றார் இவர். 300 ரூபாய் கேட்டார்கள். பஸ் வரும், காத்திருப்போம் என்றேன் நான். வந்தது, ஒன்றரை மணி நேரம் கழித்து. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கடைசிப் படகு ஆற்றின் நடுவில் சின்னதாகத் தெரிந்தது. டிசம்பரில் அங்கே நாலரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. சேலத்தில் அந்த நேரத்துக்கு மொட்டை மாடியில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். ஆனால் கடிகாரம் இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். தேயிலைத் தோட்டக்காரர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் முன்னால் தள்ளித் தங்களுக்கென்று தனி நேரமே வைத்துக்கொண்டார்கள், பாகான் டைம் என்று. நான் சேலத்து வெயிலை வைத்துக் கணக்குப் போட்டிருந்தேன்.

இருட்டில் ஜோர்ஹாட் திரும்ப ஆட்டோ 500. அறை 800. போகிற வழியெல்லாம் இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அறைக்குள் போனதும் நோட்டைப் பிடுங்கி, "மிச்சம் 300" என்று எழுதி அடிக்கோடு போட்டார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. பள்ளிக்கூடத்திலிருந்து உங்க தங்கச்சி கல்யாணம் வரை எல்லாவற்றையும் இழுத்தேன். வீட்டில் என்றால் கதவைச் சாத்திக்கொண்டு அடுத்த அறைக்குப் போயிருப்பேன். இங்கே அடுத்த அறை என்பது வேறு யாரோ இருமிக்கொண்டிருக்கும் அறை. ஆளுக்கொரு ஓரமாகச் சுவரைப் பார்த்துப் படுத்தோம். லாட்ஜ் கம்பளியைத் தொடவே முடியாத வாடை. இருப்பது ஒரே போர்வை. பத்து மணிக்கு இவர் பக்கம் இழுத்தார், பதினொன்றுக்கு நான் இழுத்தேன். பன்னிரண்டு மணிக்கு, "கிட்ட வா, ரெண்டு பேருக்கும் பத்தல" என்றார். சமாதானம் எதுவும் பேசவில்லை. குளிர்.

மறுநாள் காலை பனிமூட்டத்தில் படகு. மேல்தட்டில் பைக்குகள், நடுவே ஒரு கார், கூடைக் கோழிகள், பால் கலக்காத சிவப்புத் தேநீர். மாஜுலியில் மூன்று நாள் என்று போனவர்கள் இருபது நாள் இருந்தோம். மிசிங் மக்களின் மூங்கில் வீடு, ஆள் உயரத்துக்கு மேலே கால் நட்டுக் கட்டியது. வெள்ளம் வந்தால் அடியில் போகட்டும் என்று. படுத்தால் கீழே பன்றி உறுமுவது மூங்கில் இடுக்கு வழியாகக் கேட்கும். சாமகுரி சத்ராவில் (அங்கே சத்ரா என்றால் வைணவ மடம்) மூங்கில் பின்னலின் மேல் துணியும் களிமண்ணும் சாணியும் பூசி முகமூடி செய்வதை ஒரு நாள் முழுக்கப் பார்த்தோம். அன்றைய செலவு 640 என்று நோட்டில் இருக்கிறது. என் கையெழுத்து இல்லை. நிமாட்டிக்குப் பிறகு நோட்டு இவரிடம் போய்விட்டது.

மிச்சமிருந்த இரண்டு மாதத்தில் அருணாசலமும் நாகாலாந்தும். அதை எழுத வேறொரு நாள் வேண்டும்.

திரும்பும் முன் நிமாட்டியில் இவர் ஒரு காலி பாட்டிலில் ஆற்றுத் தண்ணீரைப் பிடித்தார். "இது கங்கை இல்லையே" என்றேன். "பங்களாதேஷ்ல போய் ரெண்டும் ஒண்ணாத்தானே சேருது" என்றார்.

அத்தை பாட்டிலை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாமி அலமாரியில் வைத்தார்கள். கலங்கலாக இருக்கிறதே என்று ஒரு தரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். பிறகு இவருடைய புதுச் செருப்பையும் காலையும் பார்த்தார்கள்.

"காசி எப்படிப்பா இருந்துச்சு?"

"படி ரொம்ப நிறையம்மா."

"ஆமா" என்றார்கள் அத்தை. "போயிட்டு வந்தவங்க எல்லாரும் அதத்தான் சொல்றாங்க."