பச்சை வாசம் போகும் வரை

மார்ச் 4
வாசம் போன மூக்குக்குப் பயிற்சி, மோந்து பார்க்க நாலு குப்பி. ரோஜா இல்லை. எலுமிச்சை இல்லை. கிராம்பு இல்லை. யூகலிப்டஸில் ஒரு குளிர்ச்சி மட்டும். அது வாசம் அல்ல, மூக்கில் எரிச்சலை உணரும் நரம்பு. ஏமாறக்கூடாது.

மார்ச் 6
எந்தச் சமையல் குறிப்பை எடுத்தாலும் அதே வரி: பச்சை வாசம் போகும் வரை வதக்கவும். போய்விட்டது என்று எதை வைத்துச் சொல்வது?

இன்று மீன் தலைக் குழம்புக்கு வெங்காயமும் தக்காளியும் அரைத்த விழுது 2 கிலோ, எண்ணெய் 400 மில்லி, நடுவில் வெப்பமானி. தண்ணீர் இருக்கும் வரை 100ஐ ஒட்டியே நிற்கிறது, தீயை எவ்வளவு கூட்டினாலும். தண்ணீர் வற்றிய பிறகுதான் ஏறுகிறது. 110ல் தம்பியை மோந்து பார்க்கச் சொன்னால், "இன்னும் இருக்குண்ணே." 115ல் ஓரத்தில் எண்ணெய் பிரிகிறது. பெரிய கொப்புளம் அடங்கி நுரை போலச் சிறு குமிழ். சத்தமும் மாறுகிறது; பொளக் பொளக் போய் ஒரே சீராகச் சர்ர். "போயிடுச்சு." சட்டியோடு நிறுத்துக் கழித்தால் 1.1 கிலோ.

ஆக, 115. இல்லையென்றால் எடை. மிளகாய்த்தூள் அதற்குப் பிறகுதான், தீயைத் தணித்து, ஒரு கரண்டி புளித்தண்ணீரில் குழைத்து. காய்ந்த தூளாகப் போட்டால் அந்தச் சூட்டில் கருகும், அதைச் சொல்ல இங்கே மூக்கு இல்லை.

மார்ச் 7
உப்பும் புளிப்பும் நாக்குக்கு நன்றாகவே தெரிகின்றன. யாரும் நம்புவதில்லை.

மார்ச் 10
சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தேங்கும். கசிவைக் கண்டு அலறும் டிடெக்டர் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்க வேண்டும். மாட்ட வந்தவர் தலை உயரத்தில் மாட்டிவிட்டுப் போய்விட்டார். பழைய கடையில் குழாய் வழி வந்த டவுன் கேஸ். அதில் பெரும்பகுதி ஹைட்ரஜன், மேலே ஏறும், அங்கே கூரையடிதான் சரி. இரண்டும் ஒன்றென்று நினைக்கிற ஆள் இந்த வேலைக்கு எப்படி வருகிறார்?

அதுவரை தினமும் காலையில் ரெகுலேட்டர், குழாய் முனை எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர். குமிழ் வந்தால் அடுப்பு இல்லை.

மார்ச் 13
தேக்கா சந்தை, காலை 6 மணி. அங்கோலி மீன் தலை. செவுள் ரத்தச் சிவப்பு, கண் புடைப்பு, மேல் வழவழப்பு தெளிவாக. விரலால் அழுத்தினால் குழி நிற்கக் கூடாது. செவுள் எடுத்த தலை மலிவு, ஆனால் வேண்டாம். சாட்சியை எடுத்துவிட்டு வழக்கை விற்கிறார்கள்.

மீன்காரர் ஒரு தலையைத் தூக்கி மூக்குக்கு நேராக நீட்டினார். வழக்கம்போல் தலையாட்டியாயிற்று.

தேங்காய்ப்பால் புளித்ததா என்று பார்க்க, புளிப்பை எண்ணால் காட்டும் பிஎச் காகிதம் வாங்கியாயிற்று. 6 என்றால் பால். 5.5க்குக் கீழே இறங்கினால் சாக்கடைக்கு.

மார்ச் 17
12 லிட்டர் குழம்பு போயிற்று. வெந்தயம்.

கசப்பு நாக்குக்குத் தெரியும்தான். தெரிகிற நேரத்தில் குழம்பே ஆகிவிட்டிருக்கும். கருகுகிற வாசம்தான் முன்னால் வந்து எச்சரிப்பது. புது அடுப்பின் தீ வேகமும் ஒரு காரணம்: கடுகு வெடித்து முடிவதற்குள் எண்ணெய் 190ஐத் தாண்டியிருந்தது. தீயை அணைத்தாலும் அந்த எண்ணெயில் வெந்தயம் கறுத்துக்கொண்டேதான் போகும். சின்ன வெங்காயத்தைக் கொட்டினால்தான் சூடு இறங்கி நிற்கும்.

இனி: கடுகுச் சத்தம் அடங்கியதும் தீயை அணை. 160க்கு இறங்க விடு. வெந்தயம் 15 கிராம். வெங்காயம் கையில் தயாராக, எடுக்கப் போகக்கூடாது. சரியான நிறத்தில் வறுத்த வெந்தயம் ஒரு ஸ்பூன், கண்ணாடிக் குப்பியில் போட்டு அடுப்புக்கு நேர் எதிரே ஒட்டியிருக்கிறது. மைலோ போலப் பழுப்பு நிறம். அதற்கு மேல் ஒரு நொடிகூட இல்லை.

மார்ச் 18
கிராம்பு இல்லை.

மார்ச் 22
திங்கட்கிழமை முதலாளி சாப்பிட்டுப் பார்க்க வருகிறார்.

குழம்பு எடையில் உப்பு 1.1 சதவீதம், 10 கிலோவுக்கு 110 கிராம். தலை வேகும்போது தண்ணீர் விடும், அதனால் தலை போடுவதற்கு முன்னால் லேசாகக் கரிக்க வேண்டும். பாதியாகப் பிளந்த தலை, மெல்லிய கொதியில் 12 நிமிடம். கண் வெளுத்துப் பிதுங்கி, செவுள் மூடிக்கு அடியில் சதை தானாகக் கழன்றால் போதும். வெண்டைக்காயை முழுசாக வறுத்துக் கடைசியில். நறுக்கிப் போட்டால் குழம்பு கோழை.

தூக்கம் வரவில்லை. 110. 115. 160.

மார்ச் 24
ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் முறை குழம்பு கேட்டார். சனிக்கிழமைக்கு 40 தலை.

மார்ச் 25
டிடெக்டர் கீழே இறங்கியது. ஒருவழியாக.

மார்ச் 28
காலையில் காப்பியில் தீய்ந்த ரப்பர் வாசம். மத்தியானம் பூண்டிலும் அதே. கப்பைக் கழுவி மறுபடி ஊற்றினாலும் அதேதான்.

இப்போது விழுது 6 கிலோ, இரண்டு சட்டியில். அதே ரப்பர். "எதுவும் தீயலண்ணே" என்கிறான் தம்பி. கிராம்புக் குப்பியைத் திறந்தால் அதிலும் ஏதோ இருக்கிறது, கிராம்பு இல்லை, ஆனால் ஏதோ.

இடது சட்டி 112. வலது 108